பட்டுப் புடவையைத் திருப்பிப் பாருங்கள்!

கல்யாணம் என்றால் காஞ்சீபுரம் பட்டு இல்லாமல் முடியுமா?

முடியாது! ஆனால், கடையில் எடுத்துப் போடும் புடவை எல்லாம் கைத்தறிதானா? இல்லை. விசைத்தறிப் புடவையும் அதே பெயரில் விலை போகிறது. ஏமாறுவது வாங்குகிறவர் மட்டும் அல்ல. நெசவாளியின் பிழைப்பும் போகிறது.

இரண்டு பேர், மூன்று நாடா

காஞ்சீபுரம் பட்டின் பெருமை "கோர்வை". உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இதை நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கு இரண்டு.

ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் ஓர் உதவி ஆள் இருப்பார். உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும். அதனால் கரை எளிதில் பிரியாது.

ஆனால் வேலை மெதுவாக நடக்கும். கிடைக்கிற கூலியை இருவர் பங்கிட வேண்டும். உதவிக்கு ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. அதனால் கோர்வையைக் கைவிட்ட நெசவாளிகள் பலர்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

புடவையைத் திருப்புங்கள். உடலும் கரையும் சேரும் இடத்தில் விரலால் தடவுங்கள். கோர்வை என்றால் சிறிய மேடு தட்டுப்படும்.

கோர்வை இல்லாத கைத்தறிப் புடவையும் உண்டு. அதற்கு முத்திரையைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "சில்க் மார்க்" முத்திரை, பட்டு அசல் என்று மட்டுமே சொல்லும். கையால் நெய்தது என்று சொல்லாது! அதற்குத் தனியாகக் "கைத்தறி முத்திரை" இருக்கிறது. அது 2006-ம் ஆண்டில் வந்தது.

சட்டமும் உண்டு

புடவை, வேட்டி, துண்டு முதலியவற்றில் சில வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம். இதற்கான சட்டம் 1985-ல் இயற்றப்பட்டது. காஞ்சீபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

35 லட்சம் பேர்

2019-20 கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சம் பேர். அவர்களில் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். கைத்தறி ஓட மின்சாரம் வேண்டாம். கையும் காலும் போதும். வீட்டில் இருந்தபடியே குடும்பம் பிழைக்கிறது.

சட்டம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள்தான் வேண்டும். "இது கைத்தறியா? முத்திரை எங்கே?" என்று கடையில் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை!