பவளத் தொட்டிக்கு உகந்த உப்பு

பத்துமலைக் குகைக் கோயிலுக்குப் படியேறிச் செல்லும் பக்தர்களின் தலைக்கு மேல் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறை, ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து மடிந்த ஜீவராசிகளின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதால் உண்டானது என்றும், கோலாலம்பூர் நகரத்தின் பெரும்பகுதி அத்தகைய பாறையின் மீதே அமர்ந்திருக்கிறது என்றும் பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுவர். இன்றோ கடல் மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் விலகிப் போர்ட் கிள்ளானில் இருக்கிறது. ஆயினும், 2003ஆம் ஆண்டில் நகரத்தின் நடுவே கே.எல்.சி.சி. அக்வேரியா திறக்கப்பட்டு, 90 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிச் சுரங்கத்தின் வழியே சுறாக்களையும் திருக்கைகளையும் தலைக்கு மேல் நீந்தவிட்டுக் காட்டிவருகிற இந்த ஊரில், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் வரிசை வீடுகளிலும் உயிருள்ள பவளங்களைத் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுவோர் இருப்பதில் வியப்பில்லை. அவர்கள் முதலில் ஆராய வேண்டியது உப்பைப் பற்றித்தான். விளக்கையும் வடிகட்டியையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்; பவளமோ இரவும் பகலும் அந்த உப்புநீரிலேயே கிடந்து, அதிலிருந்தே தன் எலும்பைக் கட்டிக்கொள்கிறது.

கடல் இவ்வளவு அருகில் இருக்கும்போது நாலைந்து தோம்புகளில் அதையே மொண்டு வந்தால் என்ன என்று எவரும் கேட்பர். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட போர்ட் கிள்ளான் துறைமுகம், சதுப்புக் காடுகளுக்கிடையே, கிள்ளான் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்தது. நகரங்கள் பலவற்றின் கழிவையும் வண்டலையும் சுமந்து வரும் நதிநீர் கலப்பதால் அங்கே உப்பின் அளவு ஓதத்திற்கும் மழைக்கும் ஏற்பக் கூடிக் குறைகிறது. தெளிந்த நீரில் வாழும் பவளங்களுக்கு அது ஒவ்வாது. ஆகவே கடலை உலர்ந்த பொடியாக வாளியில் வாங்கி, நம் வீட்டுத் தண்ணீரில் கரைப்பதே வழி.

சமையல் உப்பு ஏன் ஆகாது என்பதைத் தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம். பாத்தியில் தேக்கிய கடல்நீர் வெயிலில் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலும், ஜிப்சம் அடுத்தும் படிந்துவிட, அதன் பின்னரே சோடியம் குளோரைடு என்னும் நம் உப்பு விளைகிறது. அதை வாரி எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீஷியமும் பொட்டாசியமும் புரோமைடும் தங்கிவிடுகின்றன. உணவுக்கு எது வேண்டாமென்று உப்பளத்தார் இருபுறமும் ஒதுக்கித் தள்ளுகிறார்களோ, அதுவே பவளத்திற்கு ஜீவாதாரம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் கரைந்திருக்கும் 35 கிராம் பொருளில் சோடியமும் குளோரைடுமாகச் சேர்ந்து சுமார் 30 கிராம் போக, மிச்சமுள்ள ஐந்து கிராமில்தான் சல்பேட்டும் மக்னீஷியமும் கால்சியமும் பொட்டாசியமும் அடங்கியிருக்கின்றன. லிட்டருக்குச் சொல்வதானால் மக்னீஷியம் 1,300 மில்லிகிராம் அளவிலும், கால்சியம் 410 அளவிலும், பொட்டாசியம் 400 அளவிலும், ஸ்ட்ரான்ஷியம் வெறும் 8 அளவிலும் இருக்கும்.

இந்த விகிதம் உலகெங்கும் ஒன்றே என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பல் பல சமுத்திரங்களிலிருந்து கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளைப் பகுத்தாராய்ந்த வில்லியம் டிட்மார் என்னும் ரசாயன அறிஞர், திறந்த கடலில் உப்பின் மொத்த அளவு இடத்துக்கிடம் மாறினாலும் அதன் முக்கிய அங்கங்கள் ஒன்றுக்கொன்று கொண்டிருக்கும் விகிதம் மாறுவதில்லை என்று 1884இல் நிலைநாட்டினார். நெடுங்காலமாக அந்த மாறாத்தன்மையில் பழகிவிட்ட பிராணியைத்தான் நாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அழைத்து வருகிறோம். அதனால்தான் உப்பின் நம்பகத்தை நான் செழுமையில் தேடுவதில்லை. இந்த வாளிக்கும் அடுத்த வாளிக்கும் வேற்றுமையில்லாதிருப்பதையே முதற்குணமாகக் கொள்கிறேன்.

கடல்நீரைச் செயற்கையாகச் செய்யும் முயற்சி டிட்மாருக்கும் முந்தியது. இங்கிலாந்தின் இயற்கை ஆர்வலர் பிலிப் ஹென்றி காஸ், 1854ஆம் ஆண்டளவிலேயே நான்கே உப்புகளைக் கலந்து கடற்பிராணிகளை வாழவைத்துப் பார்த்தார். இன்று கடையில் கிடைக்கும் இன்ஸ்டன்ட் ஓஷன், ரெட் சீ, டிராபிக் மரின், அக்வாஃபாரஸ்ட் முதலியவற்றில் அங்கங்கள் அதனினும் மிகப் பல. பெரிய அங்கங்களைப் பொறுத்தவரை நல்ல பெயருள்ள நிறுவனங்கள் யாவும் கடலுக்கு ஓரளவு அருகிலேயே நிற்கின்றன. அவை வெகுவாக வேறுபடுமிடம் காரத்தன்மை, கடைக்காரர் பேச்சில் ‘கேஹெச்’.

பவளம் தன் எலும்பைக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் கூட்டியே கட்டுகிறது. காரத்தன்மை 2.8 பாகை குறையும்போது கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராமே குறைகிறது. அதாவது, கேஹெச் 8லிருந்து 5.2க்கு இறங்கிப் பவளம் தவிக்கத் தொடங்கும் வேளையிலும் 420 ஆக இருந்த கால்சியம் 400 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும். இக்காரணத்தாலேயே இயற்கைக் கடலில் 7ஐ ஒட்டியிருக்கும் காரத்தன்மையைச் சில நிறுவனங்கள் வேண்டுமென்றே உயர்த்தித் தருகின்றன. ரெட் சீ நிறுவனத்தின் சாதாரண உப்பு 8ஐ ஒட்டியும், அதன் ‘கோரல் ப்ரோ’ 12ஐ ஒட்டியும் நிற்பது இதற்கு உதாரணம். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. தொட்டியை எந்த அளவில் நிலைநிறுத்தியிருக்கிறோமோ அந்த அளவை ஒட்டிய உப்பே நமக்குச் சிறந்தது. கேஹெச் 8 உள்ள 200 லிட்டர் தொட்டியில் 20 லிட்டரை மாற்றி, 12 உள்ள புது நீரை வார்த்தால் தொட்டி 8.4 ஆகும், அது பொறுக்கத்தக்கதே. ஏதோ ஒரு விபத்தினால் பாதி நீரை ஒரே நாளில் மாற்ற நேர்ந்தால் அது 10க்குத் தாவும். அத்தகைய தாவலுக்குப் பின் கிளைப் பவளங்களின் நுனி வெளுத்துச் சதை உரிவதை வளர்ப்போர் பலர் கண்டிருக்கிறார்கள்.

நம் ஊருக்கென்றே உரிய இடையூறு ஈரப்பதம். கலவையிலுள்ள மக்னீஷியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சுபவை. கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் மூடி சரியாக அழுந்தாத வாளி சில வாரங்களில் கல்லாய் இறுகிவிடும். இறுகிய உப்பில் ஈரத்தின் எடையும் சேர்ந்திருப்பதால் தராசை நம்பிக் கலப்பவர் நீர்த்துப்போன கடலையே பெறுவார். மேலும், கப்பலிலும் லோரியிலும் குலுங்கி வரும்போது பொடி அடியிலும் பருமணி மேலுமாகப் பிரிந்துவிடுவதுண்டு. வாளியைத் திறக்குமுன் நன்றாக உருட்டிவிட்டு, ஒன்றிரண்டு மாதங்களில் தீரக்கூடிய அளவையே வாங்குவது நலம். மலிவென்று பெருவாளியை வாங்கிச் சிறு தொட்டிக்கு ஓராண்டு பயன்படுத்துவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய்நீரில் கிருமியொழிப்புக்காகக் குளோரின் உண்டு. கரி வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு, அயனிப் பிசின் ஆகிய மூன்றையும் கடந்து, கரைபொருள் அளவி பூஜ்யம் காட்டும் நீரே உகந்தது. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் மாசுபட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு நீர் நின்றுபோனதை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள். தூய நீரில் ஒரு பங்கு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். நீரில்தான் உப்பை இட வேண்டும். உப்பின்மேல் நீரை ஊற்றினால் அடர்த்தி மிகுந்து கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு அது எளிதில் கரையாது. கார்பனேட் வெந்நீரில் இன்னும் விரைவாகப் படிவதால், 30 பாகைக்கு மேல் காயும் பால்கனியில் கலந்த நீரை நாள்கணக்கில் வைப்பதும் கூடாது; காரத்தன்மை மிகுந்த கலவைக்கு இது இருமடங்கு பொருந்தும்.

2010இல் கடல் வெப்பமுற்றுப் பவளங்கள் வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை அரசாங்கம் தற்காலிகமாக மூட நேர்ந்தது. இயற்கையில் அவ்வளவு நலிவுற்றிருக்கும் ஓர் இனத்தை வீட்டில் வைத்துக்கொள்பவர், கடையின் வார்த்தையை மட்டும் நம்பி உப்பு வாங்குவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. சோதிப்பது கடினமன்று. புது வாளி ஒவ்வொன்றிலிருந்தும் சிறிது கரைத்து, முதலில் உப்பளவை 35க்குக் கொண்டுவந்து, பின் கேஹெச், கால்சியம், மக்னீஷியம் மூன்றையும் அளந்து, வாளியில் அச்சிட்ட தொகுதி எண்ணோடு ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். உப்பளவு காட்டும் கருவியை வெறும் நீரால் சரிபார்ப்பது போதாது. 35 என அளவிட்ட கரைசலால் சரிபார்க்காவிடில் பின்வரும் எண்கள் யாவும் பிழைபடும். நாலைந்து வாளிகளின் எண்கள் நெருங்கி நின்றால் அந்த உப்பை விடாமல் வைத்துக்கொள்ளலாம். விலகி நின்றால், வேறொன்றைத் தேர்ந்து, ஒரே நாளில் மாறாமல், பத்தில் ஒரு பங்கு நீராக வாரந்தோறும் மாற்றிப் பழைய உப்பிலிருந்து புதியதற்குச் செல்லலாம்.