ஐந்து டாலர் வேட்பாளர்

ஒருவருக்கு ஒரு வாக்கு என்று குடியியலில் படிக்கிறோம். ஆனால் வேட்பாளரின் செலவுக்குப் பணம் தருபவர் யார்? வென்றபின் அவர் யார் பேச்சைக் கேட்பார்?

இக்கேள்வியை அமெரிக்கக் கல்லூரிகளில் எழுப்புவதற்காக 2001-இல் 'டெமாக்ரசி மேட்டர்ஸ்' என்னும் மாணவர் அமைப்பைத் தொடங்கியவர் அடோனல் ஃபாயில் என்ற கூடைப்பந்து வீரர். கரீபியன் தீவில் பிறந்த அவருக்கு அப்போது அங்கு வாக்கே இல்லை. 2007-இல்தான் குடியுரிமை பெற்றார். எங்களுக்கு இதுவே பெரிய வியப்பு!

இம்மாணவர்கள் கேட்பது, தேர்தல் செலவைப் பொதுப்பணத்திலிருந்து தரும் முறை. மேய்ன் மாநில மக்கள் 1996-இலேயே அதற்கு வாக்களித்து விட்டனர். வேட்பாளர் தம் தொகுதியினர் பலரிடம் தலைக்கு ஐந்து டாலர் திரட்டித் தமக்குள்ள ஆதரவைக் காட்ட வேண்டும். பிறகு மாநில நிதி செலவை ஏற்கும். செல்வந்தரிடம் கைநீட்டக் கூடாது. இம்முறை முதன்முதல் நடைபெற்ற 2000-ஆம் ஆண்டிலேயே, உணவு விடுதியில் பரிமாறி வந்த டெபோரா சிம்ப்சன் சட்டமன்றம் புகுந்தார்.

இதிலும் ஒரு சந்து உண்டு. நிறுவனங்கள் வேட்பாளரைச் சாராமல் தாமாகச் செய்யும் தேர்தல் செலவுக்குத் தடையில்லை என 2010-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை அடைக்க அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டும் என்போரும் அங்கே உளர்.