ஓய்ந்திருந்த இயந்திரம் ஓடத் தயாரா?

தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அக்காலத்தில் கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களில் கனமழை பெய்யும்; தென்சீனக் கடல் கொந்தளிக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளில் பெரும்பாலான தங்குவிடுதிகள் மூடப்படும். சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் விசைப்படகுகள் பலவும் கரையேற்றப்பட்டு ஓய்வெடுக்கும். கடல் அடங்கியதும் கோல பெசூட் படகுத்துறை மீண்டும் களைகட்டத் தொடங்கும். அங்கிருந்து பெர்ஹெந்தியான் தீவுகள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அந்தத் தொலைவைக் கடக்கப் படகு மீண்டும் புறப்படுமுன், அதன் இயந்திரத்தைக் கவனமாகச் சோதிக்க வேண்டும்.

ஓடாமல் சும்மா கிடந்த இயந்திரம் எப்படிப் பழுதாகும் என்று நமக்குத் தோன்றலாம். உண்மையில், உழைப்பைப் போலவே நீண்ட ஓய்வும் இயந்திரத்தைப் பாதிக்கும். எரிபொருள் கெடும், மின்கலம் வலுவிழக்கும், ரப்பர் பாகங்கள் வெடிக்கும், உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். சாலையில் மகிழுந்து நின்றுவிட்டால் அதை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிடலாம். நடுக்கடலில் இயந்திரம் நின்றால் படகு காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் மிதந்து செல்லும். அது அலைகளுக்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கவிழும் ஆபத்தும் உண்டு. ஆகவே, பழுதைக் கரையிலேயே கண்டறிவது உயிர்காக்கும் செயலாகும்.

முதலில் கவனிக்க வேண்டியது எரிபொருள். பெட்ரோலைப் பல மாதங்கள் தேக்கி வைத்தால், அதில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் வெளியேறிவிடும். எஞ்சியிருப்பது நாளடைவில் பிசின் போன்ற படிவை உண்டாக்கி, எரிபொருள் செல்லும் நுண்துளைகளை அடைத்துவிடும். பாதி நிரம்பிய கலனுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிரும்போது நீர்த்துளிகளாக மாறும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால், அது கலனின் அடியில் தேங்கி நிற்கும். எனவே, பழைய எரிபொருளைப் பாதுகாப்பாக அகற்றிவிட்டுப் புதியதை நிரப்புவது நல்லது. எரிபொருள் குழாயை இலேசாக வளைத்துப் பார்த்தால் அதில் உள்ள வெடிப்புகள் தெரியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிவு இருந்தால் அது படகின் அடித்தளத்தில் தங்கி, ஒரு சிறு தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வாடை வீசினால், காரணத்தைக் கண்டறிந்து காற்றோட்டம் ஏற்படுத்தும்வரை இயந்திரத்தை இயக்கக்கூடாது.

அடுத்து வருவது மின்கலம். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மின்கலத்தின் மின்னேற்றம் சிறிது சிறிதாகக் குறையும். முழுமையாக மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அதன் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கும் அரிப்பைத் துடைத்து நீக்க வேண்டும். மூடியைத் திறந்து, எலி கடித்த கம்பிகள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். ‘ஸ்பார்க் பிளக்’ துருப்பிடித்திருந்தால் அதை மாற்றிவிட வேண்டும்.

இயந்திரத்தின் அடிப்பகுதியில், நீரைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் பற்சக்கரங்கள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்திருக்கும் எண்ணெயில் சில துளிகளை வெளியே எடுத்தாலே பல உண்மைகள் புலப்படும். எண்ணெய் பால் கலந்த தேநீரைப் போல வெளுத்திருந்தால், உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். விசிறியின் தண்டில் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு, அங்குள்ள ரப்பர் அடைப்பை அறுத்திருக்கலாம். அந்த அடைப்பை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் நீர் மீண்டும் புகும், பற்சக்கரங்கள் துருப்பிடிக்கும். குளிர்நாடுகளில் இப்பழுது இன்னும் கொடியது. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதால், உள்ளே தேங்கிய நீர் பனிக்காலத்தில் உலோகக் கூட்டையே பிளந்துவிடக்கூடும்.

இயந்திரத்தின் வெளிப்புறத்தில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். உப்புநீரில் துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு, இயந்திரத்தின் உலோகத்தைக் காக்கிறது. அது பாதியளவு கரைந்திருந்தால் புதியதைப் பொருத்த வேண்டும்.

இனி, இயந்திரத்தை இயக்கிப் பார்க்கலாம். ஆனால், நீரில்லாமல் இயக்கக்கூடாது. படகின் பின்புறம் பொருத்தப்படும் இயந்திரம், கடல்நீரை உறிஞ்சியே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. இப்பணியைச் செய்யும் பம்பினுள் ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று சுழல்கிறது. நீர் இல்லாவிட்டால் உராய்வினால் அந்த இதழ்கள் சிறிது நேரத்திலேயே தேய்ந்து கருகிவிடும். அதனால், இயந்திரத்தின் அடிப்பகுதியை நீர் நிறைந்த பெரிய தொட்டியில் அமிழ்த்தி இயக்குவார்கள். அப்போது பின்பக்கத்திலுள்ள சிறு துளையிலிருந்து நீர் ஒரே சீராகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். நீர் வராவிட்டால் உடனே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். உப்போ பூச்சிக் கூடோ அத்துளையை அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியால் அதை நீக்கலாம். அதன் பிறகும் நீர் வராவிட்டால் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இறுதியாக, அவசர நிறுத்தக் கயிற்றைச் சோதிக்க வேண்டும். ஒரு முனையைப் படகோட்டி தம் உடலுடன் இணைத்திருப்பார். அவர் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுவிடும். இல்லையேல், ஆளில்லாப் படகு சுழன்று வந்து அவர்மீதே மோதக்கூடும். கயிற்றை ஒருமுறை இழுத்து, இயந்திரம் நிற்கிறதா என்று பார்க்கச் சில நொடிகளே போதும். பிறகு, பயணிகளை ஏற்றாமல் கரையோரமாகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் எஞ்சிய குறைகளும் தெரிந்துவிடும்.

இச்சோதனைகள் பலவற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும், வாடையை உணரும் மூக்கும், பொறுமையும் இருந்தால் போதும். பயணிகள் இந்த உழைப்பைக் காண்பதில்லை. பாதுகாப்பு அங்கியை அணிந்து, நம்பிக்கையோடு படகில் ஏறி அமர்கிறார்கள். வெள்ளம் வருமுன் அணைபோடும் படகோட்டியே அந்த நம்பிக்கைக்கு உரியவர்.