வக்கீலுக்கு விரும்பிக் கொடுத்த பீஸ்... திரும்பக் கேட்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

ராஜபாளையம் அய்யனார் கோவில் பக்கம் ஒரு தென்னந்தோப்புத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸ் போட வக்கீல் கேட்ட 40,000 ரூபாயை நாமே கொடுக்கிறோம். ஆறு மாதம் ஆகியும் கேஸ் தாக்கல் ஆகவில்லை. திரும்பக் கேட்டால், "நீங்களா விரும்பித்தானே கொடுத்தீங்க?" என்று பதில் வருகிறது. அவ்ளோதானா, பணம் போச்சா?

எப்போது கேட்கலாம்?

பேசிய வேலையை வக்கீல் செய்திருந்தால், கேஸ் தோற்றாலும் பீஸ் அவருடையதுதான். 'அதிகமா கொடுத்துட்டோமே' என்று பிறகு வருந்துவது சட்டப்படி காரணமாகாது.

ஆனால் பேசிய வேலை நடக்கவே இல்லை என்றால் அது ஒப்பந்த மீறல். அதேபோல, தவறுதலாகவோ கட்டாயத்தாலோ கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 72. ஒரே பீஸை ஜிபேயில் இரண்டு முறை அனுப்பிவிட்டால் இது கைகொடுக்கும்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

இப்போது முடியாது. போகலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007-ல் சொன்னது. 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பதுதான் தீர்ப்பு.

பார் கவுன்சில் பணம் வாங்கித் தருமா?

தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சிலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35-ன்படி கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பதிவையே நீக்கலாம். பணத்தைத் திருப்பித் தரச் சொல்வது அந்தப் பட்டியலில் இல்லை.

பணம் வேண்டும் என்றால் வழி சிவில் கோர்ட்தான். பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். 'தர்றேன், தர்றேன்' என்பதை நம்பிக் காத்திருந்தால் கெடு தாண்டிவிடும்!

இதையும் தெரிஞ்சுக்கோங்க

* பீஸ் பாக்கி என்று சொல்லி கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. இது 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.
* 'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்ற பேச்சு செல்லாது. 2017-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.
* பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண்: 15100.

எது ஆதாரம்?

ரசீது, வங்கிப் பரிவர்த்தனை, வாட்ஸ்அப் மெசேஜ். கையில் ரொக்கமாகக் கொடுத்தால், எந்த வேலைக்கு எவ்வளவு என்று அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள். கோர்ட்டில் முதலில் நிரூபிக்க வேண்டியது, பணம் கொடுத்ததையும் அது எந்த வேலைக்கு என்பதையும்தான்.