திறக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை

மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் 1990களின் இறுதியில் கோயில் விழா மலரோ பள்ளி ஆண்டிதழோ தயாரித்தவர்களின் அலமாரியில், ஒரு நெகிழ்வட்டோ குறுந்தட்டோ இன்னும் கிடக்கலாம். கணினியில் போட்டுப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கோப்பு திறக்கும். ஆனால் திரையில் தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும்.

கோப்பு கெட்டுவிடவில்லை. கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று சொல்வது எழுத்துரு. அன்றைய எழுத்துருவில் 256 இடங்கள்தாம்; அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு. தமிழின் 247 எழுத்துகளும் மிச்சத்தில் அடங்காததால், கொம்பு, கால் எனத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு வரிசையில் வைத்தார்கள். சில எழுத்துருக்கள் ஆங்கிலத்தின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தன. பாமினியில் அடித்த ‘அம்மா’, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும்!

நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள் இங்கே பலருக்குக் கணினித் தமிழைத் தந்தது. இணையக் குழுக்கள் ‘திஸ்கி’ குறியீட்டை உருவாக்கின. 1999 சென்னை மாநாடு ‘தாம்’, ‘தாப்’ என்று வேறு இரண்டைப் பரிந்துரைத்தது. யூனிகோடில் 1991லேயே தமிழ் இருந்தும், விண்டோஸ் அதைக் காட்டத் தொடங்கியது 2000இல்தான். இடைப்பட்ட காலத்தில் எழுதியவைதாம் இன்று ஆபத்தில் இருப்பவை.

அச்சான நூலைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அச்சேறாத கூட்டக் குறிப்பையும் மின்னஞ்சலையும் யார் கேட்பது? நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 2015இல் வெளியான தமிழ் மின்மரபுடைமைத் திட்டம்கூட, பெரும்பாலும் அச்சு நூல்களை மின்னாக்கியதுதான். தாளுக்கு வருடி போதும். கோப்புக்கு அதன் எழுத்துருவும் வேண்டும்.

யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் பழைய முறையில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்ற வரிசை. யூனிகோடில் க முதலில் வரும். கருவி இங்கே தடுமாறினால் சொற்கள் சிதையும். பிடிஎஃப் இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். எழுத்துரு உள்ளே பதிந்திருந்தால் பக்கம் அழகாகத் தெரியும். ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது.

ஆகவே வட்டைப் படிக்கக் கிடைத்த அன்றே, அதிலுள்ள அனைத்தையும், எழுத்துருக் கோப்பையும் சேர்த்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் நகலெடுங்கள். மாற்றிய பிறகும் மூலத்தை அழிக்காதீர்கள். அச்சான மலர் ஒன்று இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.