ஊருக்குள் வந்த பெருவீதி

கிளிநொச்சியில் வழி விசாரிப்போர்க்கு ஊரார் கூறும் விடைகளுள் "155ஆம் கட்டை" என்பதும் ஒன்று. அது கோயிலின் பெயருமன்று, குளத்தின் பெயருமன்று. கண்டி–யாழ்ப்பாணப் பெருவீதியின் மைற்கல் ஒன்றின் எண். வன்னியின் பழைய ஊர்கள் பெரும்பாலும் குளங்களை அண்டி எழுந்தவை. குளத்தின் பெயரே ஊரின் பெயராக நிலைத்ததும் உண்டு. கிளிநொச்சியோ இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி 1936ஆம் ஆண்டில் தொடங்கிய குடியேற்றத்தினால் வளர்ந்த ஊர். அதன் வயல்கள் வாய்க்கால்களை நோக்கிப் பரந்தன. கடைத்தெரு பெருவீதியை நோக்கி நின்றது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகியது. கச்சேரியும் அலுவலகங்களும் பெருகின. ஊர் பெருகப் பெருக, வீதியைக் கடக்க வேண்டிய தேவையும் பெருகியது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர் ஓடும் இவ்வீதியை இன்று யாவரும் ஏ–9 என்றே அழைப்பர். வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று வன்னியின் முக்கிய ஊர்களை அது ஒரு நூலிற் கோத்தாற்போற் கோத்துச் செல்கின்றது. முறிகண்டிப் பிள்ளையாரின் முன் மாத்திரம் வாகனங்கள் தாமாகவே நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு பயணிகள் மீண்டும் புறப்படுவர். எந்த அறிவிப்புப் பலகையும் சாதிக்க முடியாததைப் பிள்ளையார் சாதித்துவிட்டார்! ஏனைய ஊர்களில் வாகனத்தின் வேகத்தைக் குறைப்பதற்கு அத்தகைய துணை இல்லை.

இவ்வீதிக்காக வடபகுதி மக்கள் ஏங்கிய காலத்தை மறந்துவிட்டு எதையும் பேசுதல் தகாது. போர்க்காலத்தில் நெடுநாள் மூடுண்டு கிடந்த வீதி, 2002இல் திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின்னரே மறுபடியும் திறந்தது. அடுத்த ஆண்டுகளில் அது புதுக்கப்பட்டு வழவழப்பான காப்பெற் வீதியாயிற்று. புகையிரதமும் 2013இல் கிளிநொச்சியையும் 2014இல் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் எட்டியது. நோயாளியை உரிய வேளையில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவும், நெல்லையும் மரக்கறியையும் தெற்கே ஏற்றவும் முடிந்ததற்கு இவ்வீதியே காரணம். ஆகவே, நல்ல வீதி எதற்கு என்று கேட்பவர் நாமல்லோம். ஊர்களுக்கு இடையே நல்லதாக இருக்கும் வீதி, ஊருக்குள்ளும் அதே வடிவத்தில் நல்லதாக இருக்குமா என்பதே நம் கேள்வி.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். பத்து மீற்றர் அகலமுள்ள வீதியைத் திடகாத்திரமான இளைஞன் எட்டு அல்லது ஒன்பது விநாடியிற் கடந்துவிடுவான். கோலூன்றி நடக்கும் மூதாட்டிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று விநாடியாவது வேண்டும். அந்நேரத்தில், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் இருநூறு மீற்றரைக் கடந்துவிடும். அதாவது, அவர் அடியெடுத்து வைக்கும்போது தொலைவில் புள்ளியாகத் தெரிந்த பஸ், அக்கரை சேருமுன் அவரருகே வந்துவிடும். சாரதி கண்டு நிறுத்துவான் என்பீர்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், சாரதி ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து ஏறத்தாழ 14 மீற்றரில் நின்றுவிடும். 50 ஆயின் 28 மீற்றர் வேண்டும். 70 ஆயின் 45 மீற்றருக்கும் மேல். இது உலர்ந்த வீதிக்கான கணக்கு. மார்கழி மழையில் இன்னும் நீளும். இலங்கையில் ஊர்ப்புறத்தே கார்களுக்கு 70உம், ஊருக்குள் 50உம் வேக எல்லைகள் என்று சட்டம் சொல்கின்றது. ஆயினும் அகன்று நேராகக் கிடக்கும் வீதி, "போ, போ" என்று சாரதியின் காலுக்கு உத்தரவிட்டுக்கொண்டே இருக்கின்றது. பலகையிலுள்ள எண்ணைக் காட்டிலும் வீதியின் உருவமே உரத்துப் பேசும்.

இந்நாட்டில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் மடிகின்றனர். அவர்களுட் பெரும் பகுதியினர் நடந்து சென்றவர்களும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றவர்களுமே.

வன்னியின் வீதிகளை யார் யார் பயன்படுத்துகின்றனர் என்று பாருங்கள். பாடசாலைச் சிறுவர்கள், சைக்கிளிற் சந்தைக்குச் செல்லும் தாய்மார், உழவு இயந்திரங்கள், முச்சக்கர வண்டிகள், இரவில் வீதியின் நடுவே சூடு தேடிப் படுக்கும் மாடுகள். அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல்லையும் காயவிடுவர். தவறென்று சொல்லலாம், களமும் உலர்த்தும் தளமும் போதிய அளவு இல்லாதவன் என்ன செய்வான்?

சைக்கிளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1990களில் எரிபொருளுக்குத் தடையிருந்தபோது வன்னியின் வாழ்க்கையையே தாங்கியது சைக்கிள்தான். விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் அதில் ஏறினர். 2022இல் நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் வந்தபோது, தெற்கே பலர் சைக்கிளைப் புதுமையாகக் கண்டுபிடித்தனர். வன்னியில் அது மூலையில் நின்ற பழைய நண்பன். இத்தகைய மண்ணிற் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை கேட்பது மேனாட்டு மோகம் ஆகாது.

இனி, மனத்தை உறுத்தும் விடயம் ஒன்று. போரினாலும் கண்ணிவெடியினாலும் காலையோ கண்ணையோ இழந்தோர் வன்னியில் மிகப் பலர். ஊன்றுகோலிலும் சக்கர நாற்காலியிலும் செல்வோர் இங்கு அரிய காட்சியல்லர். நம் உற்றார், நம் அயலார். இவர்களுக்கு அரையடி உயரமுள்ள நடைபாதை விளிம்பு ஒரு மதில். வடிகாலின் மூடி ஒன்று பெயர்ந்திருந்தால் அது ஒரு கிணறு. உடல் ஊனமுற்றோரின் உரிமைகளுக்காக இலங்கையில் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் அவர்கள் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்ற விதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. சட்டம் போதியதே, சீமெந்தில் அது இன்னும் எழுதப்படவில்லை. செய்ய வேண்டியதோ மலையைப் புரட்டும் காரியமன்று. ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது உலகெங்கும் வழங்கும் கணக்கு. அரையடி விளிம்புக்கு ஆறடிச் சரிவு போதும். ஒவ்வொரு கடவையின் இரு முனையிலும் அச்சரிவை அமைத்துவிட்டால், சக்கர நாற்காலி மட்டுமன்றிக் குழந்தையின் தள்ளுவண்டியும் வியாபாரியின் கைவண்டியும் ஏறி இறங்கும்.

சைக்கிள் நாடென்று இன்று புகழ்பெற்ற நெதர்லாந்து பிறவியிலேயே அப்படி இருந்ததில்லை. 1971இல் மாத்திரம் அச்சிறு நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதிகளில் இறந்தனர். அவர்களுள் நானூறுக்கும் அதிகமானோர் சிறுவர். பெற்றோர் தெருவில் இறங்கினர். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்பதையே தம் இயக்கத்தின் பெயராக வைத்தனர். அதன் பின்னரே சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் பெருகின. வீடுகளிருக்கும் தெருக்களில் வாகனங்கள் நடைவேகத்தில் ஊரும்படி தெருவின் உருவமே மாற்றப்பட்டது.

அண்டையிலும் சான்று உண்டு. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போர்க்கும் சைக்கிளோட்டிகளுக்கும் முதலிடம் கொடுக்கும் கொள்கையொன்றை ஏற்றது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் மோட்டார்களுக்குரிய இடத்தைக் குறைத்து, நடைபாதையைப் பெரிதும் அகலமாக்கி, 2019 நவம்பரில் திறந்தனர். மாலையில் அங்கு குடும்பங்கள் அமர்ந்து கதைப்பதைக் காணலாம். ஆனால் அதற்கு முன்னரே அவ்விடத்து நடைபாதை வியாபாரிகள் தனிக் கட்டடமொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தனர். நடப்போரைத் தேடி வியாபாரி வருவதும், வியாபாரியைத் தேடி நடப்போர் வருவதும் கடைத்தெருவின் இயல்பு. கச்சான் விற்கும் பெண்ணையும் பழக்கடைக்காரரையும் அப்புறப்படுத்திவிட்டு ஒரு வீதியை அழகியதென்று சொல்ல நமக்கு மனமில்லை. கிளிநொச்சியில் எது செய்தாலும், அவர்களுக்குரிய இடம் வரைபடத்திலேயே குறிக்கப்படல் வேண்டும்.

இத்தகைய மாற்றங்கள் எளிதில் நிறைவேறா என்பதை வவுனியா நன்கு அறியும். அங்கே புதிய பஸ் நிலையம் 2017இல் திறக்கப்பட்டபோது, பழைய நிலையத்தை நம்பிக் கடை வைத்திருந்தோர் கடுமையாக எதிர்த்தனர். பயணி எங்கே இறங்குகின்றாரோ அங்கேதான் வியாபாரம். அவர்களின் அச்சம் நியாயமானதே. பஸ் நிலையத்தை அகற்றினால் நெரிசல் குறையும் என்பது வரைபடத்திற் சரி. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் எப்படி நடப்பது என்று முதியவர் கேட்டால், அதற்கும் விடை வேண்டுமே.

வெயிலையும் மறத்தலாகாது. பங்குனி சித்திரையில் காப்பெற் வீதி அடுப்பாகிவிடும். நிழலில்லா நடைபாதையை எவரும் நாடார். மனிதர் கடைத் தாழ்வாரத்துக்கும் வீதியின் விளிம்புக்கும் ஒதுங்குவர். வேம்பும் மருதும் நம் மண்ணின் மரங்கள். பத்து மீற்றருக்கு ஒன்றாக நட்டு, மூன்று கோடைக்கு நீரூற்றினாற் போதும். மாரியில் நீர் வடிய வாய்க்காலும் வேண்டும். மூடி உறுதியாயின் அதன் மேலேயே நடக்கலாம்.

வீதி வெறும் கடந்துபோகும் இடமன்று என்பதற்கு மேலுமொரு சாட்சி உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி தமது தொடர் போராட்டத்தை ஆரம்பித்தது, இதே பெருவீதியோரத்தில், கந்தசுவாமி ஆலயத்தின் முன்றலிலே. போவோர் வருவோர் யாவரும் காணும் இடம் அது என்பதனாலன்றோ!

யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு சிக்கல். ஏ–9 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அதிலிருந்து பிரியும் உள்ளூர்த் தெருக்கள் பலவும் கிளிநொச்சியிற் கரைச்சிப் பிரதேச சபைக்குரியன. பஸ்ஸுக்கு வேறொரு சபை, புகையிரதக் கடவைக்கு வேறொரு திணைக்களம், கம்பத்துக்கு மின்சார நிறுவனம். வாகனத்தில் வருபவருக்கு இது ஒரே வீதி. நடந்து வருபவரோ பத்தடிக்குள் மூன்று அலுவலகங்களின் எல்லையைத் தாண்டுகின்றார்!

எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் கணக்கோடு சென்றால் மதிப்பு உண்டு. ஊருக்குத் தெற்கே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. வவுனியாவும் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம் உடையது. ஆயினும் இக்கணக்கை எடுக்கப் பாடசாலை மாணவரே போதும். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை ஒரு கடவையருகே நால்வர் நிற்க வேண்டும். ஒருவர் நடந்து கடப்போரை எண்ணட்டும், ஒருவர் சைக்கிள்களை, ஒருவர் மோட்டார் வாகனங்களை. நான்காமவர் கையில் மணிக்கூட்டுடன், கடப்பதற்கு ஒவ்வொருவரும் எத்தனை விநாடி காத்து நிற்கின்றனர் என்று குறிக்கட்டும். மழை நாளொன்றிலும் சந்தை நாளொன்றிலும் அதையே செய்து, தாளின் தலைப்பில் இடத்தையும் திகதியையும் எழுதி, ஒரு பிரதியைப் பிரதேச சபைக்கும் மற்றொன்றை வீதி அதிகார சபைக்கும் அனுப்பலாம்.