திருத்தணி நம்ம ஊர் ஆனது எப்படி?
படித் திருவிழா கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்!

டிசம்பர் 31 வந்தால் போதும். திருத்தணி மலை அடிவாரத்தில் எள் போட்டால் எள் விழாது!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்த தொழிலாளி, காக்களூர் தொழிற்பேட்டை ஆள், கைக்குழந்தையோடு தாய்மார் என்று எல்லோரும் வந்து இறங்குகிறார்கள். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் ரெயிலில் வந்தால் சென்னையில் மாறித்தான் வரணும். அதற்காக யாரும் சலித்துக் கொள்வதில்லை.

மலைக்கு மொத்தம் 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி! ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூப்போட்டு, கற்பூரம் ஏற்றுகிறார்கள். பஜனை கோஷ்டியார் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். ராத்திரி 12 மணிக்கு முருகனைக் கும்பிட்ட பிறகுதான் இவர்களுக்குப் புது வருஷம்.

சரி, இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம்?

துரை வீட்டு வாசல்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஜனவரி முதல் தேதி என்றால், உத்தியோகம் பார்ப்பவர்கள் மாலையும் பழமுமாகத் துரை வீட்டு வாசலில் கால் கடுக்க நிற்பார்கள்.

வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இதைப் பார்த்தார். திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பியவர் அவர். துரைக்கெல்லாம் பெரிய துரை தணிகை மலையில் இருக்கிறார், அவரைப் போய்ப் பார்ப்போம் என்று ஜனங்களை அழைத்து வந்தார். அன்று ஆரம்பித்த படி பூஜை, 100 வருஷத்தைத் தாண்டியும் நடக்கிறது!

இது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை இன்னொன்று உண்டு.

கைவிட்டுப் போன மலை

1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதோடு போனது. திருத்தணியும் கூடவே போய்விட்டது!

ஆமாம். இன்று நாம் "நம்ம திருத்தணி" என்கிறோமே, அது ஆறரை வருஷம் ஆந்திராவில் இருந்த ஊர்.

விட்டுவிடுவார்களா? ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் ஏற்கெனவே களத்தில் இறங்கியிருந்தது. மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ் சொல்லிக் கொடுத்து, ஜனங்களைத் தட்டி எழுப்பி வைத்திருந்தார். கடையடைப்பு, மறியல், ஜெயில்! ஜெயிலுக்குப் போன தொண்டர்களில் உயிரோடு திரும்பாதவர்களும் உண்டு.

பிறகு படாஸ்கர் மத்தியஸ்தராக வந்தார். 1959-ல் பார்லிமெண்டில் சட்டம் ஆனது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. முதலில் செங்கல்பட்டு மாவட்டம். 1997-லிருந்து திருவள்ளூர் மாவட்டம்.

வந்தது போல் போனதும் உண்டு

ஆனால் சும்மா கிடைத்து விடவில்லை. பண்டமாற்று மாதிரிதான்!

திருத்தணி இங்கே வந்த அதே நாளில், அப்போதைய திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. கும்மிடிப்பூண்டியிலிருந்து கூப்பிடு தூரம்! ராத்திரி தமிழ்நாட்டில் படுத்தவர்கள் காலையில் ஆந்திராவில் கண் விழித்தார்கள். வீடு மாறவில்லை, நிலம் மாறவில்லை. மனு எழுதிப்போடும் ஆபீசும், பிள்ளைகள் படிக்கும் மொழியும் மாறின.

ம.பொ.சி. கேட்ட திருப்பதியும் கிடைக்கவில்லை. கிடைத்தது தணிகை.

கோடு போட்டதால் உறவு அறுந்துவிடவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள் காவடி எடுத்து வருகிறார்கள். படி ஏறும்போது "அரோகரா" ஒன்றுதான். அதற்கு ஏது எல்லை?

யார் சொல்வது?

அன்று வாலிபராக மறியல் செய்தவர் இன்று இருந்தால் தொண்ணூறு வயதைத் தொட்டிருப்பார். பேரன் பேத்திக்குக் கதை சொல்ல இனி எத்தனை பேர் மிச்சம்?

எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைக்க நவம்பர் 1-ந் தேதி இருக்கிறது. மாலை போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அன்று வருகிற கூட்டம் எவ்வளவு, டிசம்பர் 31-ல் வருகிற கூட்டம் எவ்வளவு!

தொழிற்பேட்டை வந்த பிறகு இந்த மாவட்டத்தில் குடியேறியவர்கள் ஏராளம். வெளியூர், வெளி மாநிலம். அவர்கள் பிள்ளைகள் இங்கேதான் பிறந்து வளர்கின்றன. அதுகளுக்கும் இது சொந்த ஊர்க் கதைதானே?

செலவு ஒன்றும் பெரிதில்லை. அடிவாரத்தில் ஒரு போர்டு. வந்த கிராமம் எது, போன கிராமம் எது என்று காட்டும் ஒரு படம். இரண்டு திருப்புகழுக்கு நடுவே மைக்கில் ஐந்து நிமிஷம். போதும்!

அடுத்த தடவை படி ஏறும்போது, கையைப் பிடித்து வரும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 365 படி இருக்கிறது. கதை முடிந்த பிறகும் படி மிச்சம் இருக்கும்!